அச்சுப்பிழை என்று அவர் சொன்னது

அவரை நினைத்தால் எனக்கு முகம் நினைவுக்கு வருவதில்லை. வலது கைக் கட்டைவிரல்தான் வருகிறது. ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் அந்த விரலை நாக்கில் ஒற்றி எடுப்பார். அதே விரலால்தான் மூக்குப்பொடியும் போடுவார். பொடியும் எச்சிலும் மூக்கு நீரும் சேர்ந்து தாளின் வலது கீழ் மூலையில் ஒரு காவிக் கறையாக உட்கார்ந்துவிடும். அவர் பார்த்துத் திருப்பி அனுப்பிய தாள்களை மூலையில் கை படாமல் நடுவில் பிடித்துப் புரட்ட நான் பழகியிருந்தேன். ஐந்து வருஷம் அப்படிப் புரட்டினேன். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இன்றும் யாராவது விரலை நக்கிப் பக்கம் புரட்டினால் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரன் பேத்திகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நல்ல மாதிரியான மனிதர்கள் என்று கேள்வி. அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

அவர் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். நான் அவரிடம் படித்து, பி.ஏ.யில் அந்த இங்கிலீஷிலேயே தேறாமல் போனவன். வகுப்பில் ஒரு நாள் வருகைப் பதிவேட்டின்மேல் அவரே மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டார். நாங்கள் நாற்பது பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு கணம் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு முன் வரிசையில் இருந்த ஒருவனைச் சுட்டி, "பெஞ்சை ஆட்டினே. வெளியே போ" என்றார். அவன் ஆட்டவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனான். அவர் பொய் சொல்கிறார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சிறிது நேரத்துக்குள் அவன்தான் ஆட்டினான் என்று அவரே நம்பிவிட்டார் என்றுதான் பட்டது. பின்னால் பழகியபோது அது சரி என்று தெரிந்தது. தப்பு என்கிற ஒன்று அவர் உடம்பில் ஒட்டாது. இன்னொருவர்மேல் வழிந்து இறங்கிவிடும்.

பரீட்சையில் தோற்ற பிறகு ராயப்பேட்டையில் ஒரு பாய் நடத்திய அச்சாபீசில் எனக்கு வேலை கிடைத்தது. அச்சேறுவதற்கு முன் எடுக்கும் புரூஃப் தாளில் பிழை பார்ப்பது என் வேலை. வக்கீல்களுக்கான பத்திரப் படிவங்கள், கல்யாணப் பத்திரிகைகள், எப்போதாவது ஓர் உருது நோட்டீஸ், இவைதான் அங்கே அச்சாகும். ஆனால் பாயின் பிழைப்பை நிமிர்த்தி வைத்தது அவர்தான். இன்டர்மீடியட் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கும் இங்கிலீஷ் செய்யுள்களுக்கு வருஷாவருஷம் உரை எழுதுவார். சொல்லுக்குச் சொல் அர்த்தம், பிறகு விளக்கம். சென்னை ராஜதானி முழுவதும் விற்கும். மாம்பலத்தில் ஏரியை மேடாக்கி மனை போட்டு விற்ற காலம் அது. அந்த உரைகளின் புண்ணியத்தில் அங்கே ஒரு மனையை வாங்கிப்போட்டு, வீடு கட்டும் யோசனையில் இருந்தார்.

அவர் உரைகளுக்கு அச்சுக் கோத்த கம்பாசிட்டர் முனுசாமி. மீர்சாகிப்பேட்டைக்காரர். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். ஈய எழுத்தில் எல்லாமே இடவலமாகத் திரும்பியிருக்கும். அதைக் கண்ணால் பார்க்காமலே எடுத்து அடுக்குவார். நான் பிழை கண்டுபிடித்தால், பத்தில் ஒன்பது எழுதியவர் செய்ததாக இருக்கும். "நம்ப கிட்ட இன்னா கீதோ அத்தத்தான் வைப்பேன் ஐயரே. சொந்தமா ஒண்ணு வைக்க எனுக்கு இங்கிலீசு தெரியணுமே" என்பார்.

புரூஃபை மயிலாப்பூரில் வாத்தியார் வீட்டுக்குக் கொண்டுபோவது முனுசாமிதான். வாசல் படியில் வைத்துவிட்டு நான்கடி தள்ளி நிற்க வேண்டும். அவர் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்த பிறகுதான் தாளைத் தொடுவார். நான் கூடப் போயிருந்த ஒரு நாள், "எத்தனை கை பட்டதோ" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு சிட்டிகை பொடியை இழுத்தார். தும்மினார். தும்மல் தாளின்மேலேயே விழுந்தது. அதைப் புறங்கையால் வழித்துவிட்டு, கட்டைவிரலை நக்கிப் பக்கத்தைப் புரட்டினார். முனுசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது மசி பட்ட தன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

அவர் மனைவியை நான் மூன்று நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை நான் போனபோது அவர் தன் மூக்குக்கண்ணாடியின்மேல் உட்கார்ந்து அதை உடைத்திருந்தார். நாற்காலியில் வைத்தவரும் அவர், உட்கார்ந்தவரும் அவர். உள்ளே பார்த்து, "எத்தனை தடவை சொல்றது, என் சாமானைத் தொடாதேன்னு" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வந்து, "நான்தான் வச்சேன், மறந்துட்டேன்" என்றாள். அவர் சட்டென்று அடங்கி, கை கழுவக் கொல்லைப்புறம் போனார். "நான் அந்தப் பக்கமே போகலை" என்று அவள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். "ஒத்துண்டா சீக்கிரம் முடிஞ்சுடும். இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் போகும்."

எனக்கு அப்போது அவள்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சலுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்த வருஷம் பாடமாக வந்த செய்யுள்களில் ஒரு பழைய கதைப்பாட்டு. சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க மகன் புயலில் குதிரையேறி வருகிறான். கோட்டை வாசலில் காவல்காரன் மறிக்கிறான். மகன் அவனைப் பார்த்து, "லெட் மீ நாட்" என்கிறான்.

லெட் என்றால் விடு என்று பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்வான். ஆனால் பழைய இங்கிலீஷ் செய்யுளில் அதே மூன்றெழுத்துக்குத் தடு என்றும் பொருள் உண்டு. ஆதியில் இரண்டும் வேறுவேறு வினைச்சொற்கள். காலப்போக்கில் உச்சரிப்பு தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. விடு என்கிற சொல் பிழைத்துக்கொண்டது. தடு என்கிற சொல் பாட்டிலும் பத்திரத்திலும் மட்டும் தங்கிவிட்டது. இது என் படிப்பால் தெரிந்த விஷயமில்லை. நாங்கள் அச்சிடும் விற்பனைப் பத்திரங்களில், வாங்கியவர் சொத்தை 'லெட்டும் இடைஞ்சலும் இல்லாமல்' அனுபவிக்கலாம் என்று ஒரு வரி வரும். அது என்ன லெட் என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டு, பிறகு எழும்பூர்ப் பெரிய நூலகத்தில் அகராதியைப் புரட்டிப் பார்த்து வைத்திருந்தேன். ஆக, மகன் சொல்வது 'என்னைத் தடுக்காதே' என்பது. பெற்றவள் உள்ளே சாகிறாள். வேறு என்ன சொல்வான்?

அவர் எழுதிய உரை கைக்கு வந்தது. 'என்னை உள்ளே விடாதே' என்று அர்த்தம் போட்டிருந்தார். அதோடு நிற்கவில்லை. தாயை நெடுநாள் மறந்திருந்த மகன், அவள் முகத்தில் விழிக்கத் தனக்குத் தகுதியில்லை என்று எண்ணி, தன்னை விலக்கிவிடும்படி காவல்காரனிடமே மன்றாடுகிறான், இந்தப் பணிவின் அழகை மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று நான்கு வரி விளக்கம். பாட்டின் அடுத்த கண்ணியிலேயே அதே மகன் காவல்காரனை வெட்டிவிட்டு உள்ளே போகிறான். அதற்கு அவர் உரையில் ஒரு வார்த்தையும் இல்லை.

புரூஃபின் ஓரத்தில் மரியாதையாக ஒரு கேள்வி எழுதினேன். இங்கே தடு என்ற பழம்பொருள் பொருந்துமா, பத்திரங்களில் வருவது போல, என்று. நானே அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"என்னடா கிறுக்கி வச்சிருக்கே?"

"ஒரு சந்தேகம் சார். பத்திரத்துல அந்தச் சொல் தடைங்கிற அர்த்தத்துல வரது."

"பி.ஏ.ல எதுலடா போச்சு உனக்கு?"

"இங்கிலீஷ்ல சார்."

"அந்த இங்கிலீஷை வச்சுண்டு எனக்கு அர்த்தம் சொல்ல வந்தயாக்கும்."

சிவப்பு மையில் என் கேள்வியை அடித்தார். பக்கத்திலேயே, 'உன் வேலை கமாவோடு நிற்கட்டும்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கட்டைவிரல் அதற்குக் கீழே பதிந்தது. புத்தகம் அப்படியே அச்சாகிப் போயிற்று.

அந்த வருஷப் பரீட்சையில் அந்த வரிக்குத்தான் விளக்கம் கேட்டுவிட்டார்கள். திருச்சிராப்பள்ளியிலிருந்து பெஜவாடா வரைக்கும் பையன்கள் பணிவின் அழகை எழுதித் தள்ளியிருந்தார்கள். பரீட்சை அதிகாரிகளின் அறிக்கையில் அது ஏறியது. இங்கிலீஷ் தினசரி ஒன்றில் யாரோ ஒருவர், தாயைப் பார்க்க ஓடிவந்து தன்னை விரட்டும்படி கெஞ்சும் இந்த மகன் எந்த நாட்டவன் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினார். தோற்ற பையன்களின் தகப்பனார்கள் கல்லூரிக்குப் போனார்கள். பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

அச்சுப்பிழை என்றாராம் அவர். தான் தடு என்றுதான் எழுதியதாகவும், அச்சுக் கோப்பவன் சொல்லை மாற்றி, வேறொரு பாட்டின் விளக்கத்தைக் கொண்டுவந்து கலந்துவிட்டதாகவும் சொன்னாராம். அதை அச்சாபீசே எழுதிக் கொடுக்கட்டும் என்றார் பிரின்சிபால்.

மறுநாளே ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு அச்சாபீசுக்கு வந்துவிட்டார். அதுவரை உள்ளே அடியெடுத்து வைக்காதவர், பாய் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். பிழை கம்பாசிட்டருடையது, ஆளை வேலையிலிருந்து நீக்கியாயிற்று என்று கடிதம் வேண்டும் என்றார்.

பாய் தாடியைத் தடவினார். "நமக்கு இங்கிலீஷ் தெரியாது சாமி. ஆனா நாலு வரி தானா எழுந்து நடந்து வந்து உக்காருமா?"

"கலந்துபோச்சுன்னு எழுதுங்கோ. அடுத்த வருஷத்து உரையையும் உங்க கிட்டயே தரலாம்னுதான் இருக்கேன்."

அவர் போன பிறகு பாய் என்னிடம் வந்தார். "பழைய புரூஃப் கீதா சாமி?"

"தேடிப் பாக்கறேன் பாய்."

தேட வேண்டியதே இல்லை. என் அலமாரியில் மேல் தட்டிலேயே இருந்தது. என் கேள்வி, அவர் அடித்த சிவப்புக் கோடு, கையெழுத்து, கறை, எல்லாம் இருந்தன. நாளைக் காலையில் காட்டலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வாத்தியாரே நான் குடியிருந்த அறைக்கு வந்தார். லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை. செங்குத்தான படிகளில் ஏறி வந்ததில் மூச்சிரைத்தது. விரித்திருந்த கோரைப்பாயில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலி இருக்கிறதே, நீ மனுப் போட்டிருக்கிறாயே என்றார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார். சிபாரிசுக் கடிதம்.

"பாய்கிட்ட கம்பாசிட்டர்னு எழுதச் சொல்லியிருக்கேன்" என்றார். "புரூஃப் பாத்தவன்னும் எழுதச் சொல்லலாம். அதுவும் பொருத்தமாத்தான் இருக்கும். நீயே சொல்லு."

நான் பையைத் திறந்து தாள்களை எடுத்துக் கொடுத்தேன்.

விரலை நக்கி நக்கிப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்தது. தான் எழுதியதைத் தானே படித்தார். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த பிறகாவது ஒரு கூச்சம், ஒரு தலைகுனிவு வரும் என்று நான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் தாளை நான்காகக் கிழித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, மனத்தாங்கலோடு சொன்னார்:

"நீயும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமோன்னோ. நான் என்ன, சொன்னா கேக்காதவனா? உன்னாலதான் எனக்கு இவ்வளவு கஷ்டம்."

அவர் கண்களில் நிஜமாகவே ஈரம் இருந்தது. உறையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் படியிறங்கிப் போனதும் அவர் குடித்த தம்ளரைக் கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எத்தனை தேய்த்தும் அதில் எனக்குத் தண்ணீர் குடிக்கப் பிடிக்கவில்லை. தம்ளர்மேல் அருவருப்பு என்றுதான் அன்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் புரூஃப் அகப்படவில்லை என்று பாயிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். "சரி சாமி" என்றார்.

முனுசாமியைக் கூப்பிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று பாயே சொன்னார். முனுசாமி சண்டை போடவில்லை. கையில் பாதி அடுக்கியிருந்த வரியை முடித்து வைத்தார். பிறகு கெரசினில் கை கழுவிவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஐயரே, நான் அந்த எழுத்துல கை வச்சனா? நீதான பாத்த. ஒரு வார்த்த பாய்கிட்ட சொல்லேன்."

எனக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதில் மாப்பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

சிபாரிசுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்லூரி நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த நூலகர் உறையைப் பார்த்ததும் இழுப்பறையைத் திறந்து காட்டினார். அதே கையெழுத்தில் ஒரு கட்டுக் கடிதங்கள் இருந்தன. "கேக்கறவாளுக்கெல்லாம் எழுதித் தருவார் அவர். போன வாரமே ஆள் எடுத்தாச்சே" என்றார். நான் அச்சாபீசிலேயே இருந்தேன்.

ஏழெட்டு மாசம் கழித்து ராயப்பேட்டை மார்க்கெட்டுப் பக்கம் முனுசாமியைப் பார்த்தேன். ஒரு கையில் பசை வாளி, தோளில் சுருட்டிய காகிதங்கள். பேசும் பட நோட்டீஸைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்ப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னா ஐயரே, பாக்காத மாதிரி போய்க்கினே கீறியே."

"எப்படி இருக்கே முனுசாமி?"

"கீறேன். எந்த அச்சாபீசுக்குப் போனாலும், எய்த்த மாத்துற ஆளாச்சே நீன்றான். இது பரவால்ல. இப்பல்லாம் எய்த்த நேராப் படிக்கிறேன்." சிரித்தார். பிறகு தூரிகையை வாளிக்குள் போட்டார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இன்னா வார்த்த அது? அதுக்கு இன்னாதான் அர்த்தம்?"

சொன்னேன். எல், ஈ, டி என்று அந்த மூன்றெழுத்தையும் சொன்னேன். விடு என்றும் பொருள், தடு என்றும் பொருள் என்றேன். பத்திரத்தில் வருமே அதுவேதான் என்றேன்.

"அதுவா? அத்த நூறு தபா கோத்துக்கீறேன்." யோசித்தார். "வுடுன்னாலும் அதே எய்த்து, தடுன்னாலும் அதே எய்த்தா?"

"அதே எழுத்துதான்."

"அப்ப பாட்டுல நான் கோத்தது சரியாத்தான கீது."

"சரியாத்தான் இருந்தது."

"கீய இருந்த அர்த்தம்?"

"அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் நீ கோத்தே."

"அத்த பாய் காதுல போட்டுடு ஐயரே. வேலைக்கில்ல. அவரு என்னப் பத்தி அப்டி நெனச்சிக்கினு கீறது ஒரு மாதிரி கீது."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று பாய் கேட்பார்.

மறு வருஷம் அந்த உரையின் இரண்டாம் பதிப்பு எங்களிடமே வந்தது. புதிதாக வந்த கம்பாசிட்டர் கோத்துப் புரூஃபை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். லெட் என்ற சொல்லுக்கு வாத்தியார் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். இரண்டு வினைகள் ஒன்றான கதை, பத்திரத்தில் வரும் வழக்கு, எல்லாம் தாமே ஆராய்ந்து கண்டுபிடித்தது போல இருந்தது. அரைகுறையாகப் படித்தவர்கள் இங்கே விடு என்று பொருள் கொண்டு ஏமாறுவார்கள் என்று ஓர் எச்சரிக்கையும் இருந்தது.

கடைசியாக முன்னுரையை எடுத்தேன். முதல் பதிப்பில் ஒரு மூடத் தொழிலாளியின் கவனக்குறைவால் பிழைகள் புகுந்துவிட்டன, அந்த உண்மையை வெளிக்கொண்டுவரத் தமக்கு உறுதுணையாக நின்ற பழைய மாணவருக்குத் தம் நன்றி உரியது என்று எழுதி, என் பெயரைப் போட்டிருந்தார்.

பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அவரே அப்படித்தான் எழுதியிருந்தார். அந்த வரியை மொத்தமாக அடித்துவிட எனக்கு ஒரு கோடு போதும். பேனாவை மையில் தோய்த்து, விட்டுப்போன எழுத்தை ஓரத்தில் எழுதி, சேரவேண்டிய இடத்தில் ஒரு குறி போட்டு, தாளை அச்சுக்கு அனுப்பினேன்.